‘அப்டேட்’ செய்த பின் கணினி மந்தமாகிறதா? அரை விநாடி கற்றுத் தந்த பாடம்

மளிகைக் கடையில் ரசீது அடிக்கும் கணினி, கிளினிக்கில் பெயர் பதியும் கணினி, தோட்ட அலுவலகத்தில் கிராணி சம்பளக் கணக்குப் போடும் கணினி. இவற்றில் ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று காத்திருந்தவர்களுக்கு ஒரு பதில் நன்றாகவே பழக்கம்: “நேற்றுத்தான் அப்டேட் செய்தார்கள், அதான் கொஞ்சம் ஸ்லோ.”

பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். காத்திருப்பவர் தலையாட்டுவார், கணினி முன் இருப்பவர் இன்னொரு முறை பொத்தானை அழுத்துவார். ஏன் மந்தமானது என்று யாரும் கேட்பதில்லை.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பொறியாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கேட்டதால்தான், உலகெங்கும் உள்ள எண்ணற்ற சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய யாரோ செய்து வைத்திருந்த ஏற்பாடு அம்பலமானது. அவருக்குக் கிடைத்த முதல் தடயம் அரை விநாடித் தாமதம் மட்டுமே.

0.299 விநாடி, 0.807 விநாடி

அந்தப் பொறியாளரின் பெயர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரிபவர். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கும் குழுவில் ஒருவர். அந்தத் தரவுத்தளத்தின் வேகத்தை நுணுக்கமாக அளந்து கொண்டிருந்தபோது, அவருடைய லினக்ஸ் கணினியில் வேறொரு நிரல் தேவைக்கு மேல் உழைப்பது தெரிந்தது. அதன் பெயர் எஸ்எஸ்எச். தொலைவிலிருந்து ஒரு சர்வருக்குள் நுழையப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கதவு அது.

தவறான பெயரில் உள்ளே வர முயல்பவரை அந்தக் கதவு உடனே திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பித்தான் அனுப்பியது. ஆனால், அந்தச் சின்ன வேலைக்கே கணினியின் சக்தி நிறையச் செலவானது. ஃபிராய்ண்ட் நேரத்தை அளந்து பார்த்தார். முன்பு 0.299 விநாடி எடுத்த வேலை இப்போது 0.807 விநாடி எடுத்தது. சாதாரணமாகப் பயன்படுத்துபவர் இந்த வித்தியாசத்தை உணரக்கூட மாட்டார்.

நேரம் எங்கே போகிறது என்று அடுத்ததாகத் தேடினார். அது எஸ்எஸ்எச்சின் சொந்த நிரலில் போகவில்லை. ‘லிப்எல்ஸட்எம்ஏ’ என்ற ஒரு லைப்ரரிக்குள் போய்க் கொண்டிருந்தது. கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் ‘எக்ஸ்ஸட்’ என்ற இலவச மென்பொருளின் ஒரு பகுதி அது. கோப்பைச் சுருக்கும் லைப்ரரிக்கு வாசற்கதவில் என்ன வேலை?

சில வாரங்களுக்கு முன், மென்பொருள்களைப் புதுப்பித்த பிறகு நடந்த தானியங்கிச் சோதனையில் ஒரு விநோதமான எச்சரிக்கை வந்தது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மார்ச் 29ஆம் தேதி, புனித வெள்ளியன்று, தாம் கண்டதை உலகறிய வெளியிட்டார். அந்த லைப்ரரியின் புதிய பதிப்புகளான 5.6.0, 5.6.1 இரண்டிலும் ஒரு கள்ளக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

மசாலாத் தூள் எங்கிருந்து வந்தது?

இன்று எந்த மென்பொருளையும் முழுக்க ஒரே நிறுவனம் எழுதுவதில்லை. கல்யாண விருந்து சமைப்பவர் மிளகாய்த் தூளைத் தாமே அரைப்பதில்லை. நம்பிக்கையான கடையில் வாங்குகிறார். கடைக்காரர் மில்லில் வாங்குகிறார். மில்காரருக்கு மிளகாய் வேறெங்கிருந்தோ வருகிறது. மென்பொருளும் அப்படித்தான். தேதியைக் கணக்கிட ஒரு லைப்ரரி, படத்தைக் காட்ட ஒன்று, கோப்பைச் சுருக்க ஒன்று என்று பிறர் எழுதியவற்றைச் சேர்த்துத்தான் கடையின் ரசீது மென்பொருள்கூட உருவாகிறது.

எக்ஸ்ஸட் விவகாரத்தில் இந்தச் சங்கிலி இன்னும் நீளமானது. எஸ்எஸ்எச்சை எழுதியவர்கள் அந்த லைப்ரரியைச் சேர்க்கவே இல்லை. டெபியன், ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வகைகளைத் தயாரிப்பவர்கள், சர்வர் தொடங்கியதும் ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டிக்கு அறிவிக்கும் ஒரு சிறு வசதிக்காக இன்னொரு லைப்ரரியைச் சேர்த்தார்கள். அந்த லைப்ரரி எக்ஸ்ஸட்டையும் தன்னோடு இழுத்துக் கொண்டு வந்தது. அழைக்கப்பட்டவர் ஒருவர், அவர் பின்னால் வந்தவரை வாசலில் யாரும் கவனிக்கவில்லை.

கள்ளக் கதவை ஒளித்த விதமும் சாமர்த்தியமானது. கோப்பைச் சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க, வேண்டுமென்றே பழுதாக்கிய சில மாதிரிக் கோப்புகளை வைத்திருப்பது வழக்கம். பழுதானது என்று தெரிந்ததை யாரும் திறந்து படிப்பதில்லை. நச்சு நிரல் அத்தகைய கோப்புகளுக்குள் பதுங்கியிருந்தது. அதை எழுப்பிவிடும் சில வரிகள், எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகத் தனியே கட்டித் தரப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தன.

ஒரு குறிப்பிட்ட ரகசியச் சாவி வைத்திருப்பவர், இந்தப் பதிப்பு ஓடும் சர்வரில் கடவுச்சொல் இல்லாமலே தம் விருப்பப்படி கட்டளை இடலாம். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அந்த நச்சு நிரல், எஸ்எஸ்எச் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் நினைவகத்தில் தனக்கு வேண்டிய இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலுக்கு ஆன நேரம்தான் அரை விநாடி. ஓசையில்லாமல் பூட்டைத் திறந்த திருடன், இருட்டில் நாற்காலியில் இடித்துக் கொண்டது போல.

நல்ல வேளையாக, அந்தப் பதிப்புகள் பெரும்பாலான சர்வர்களைச் சென்றடையவில்லை. டெபியனின் சோதனைப் பதிப்பு, ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு, ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் போன்றவற்றில் மட்டுமே அவை நுழைந்திருந்தன. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, 5.4.6 போன்ற பழைய பதிப்புக்குத் திரும்புமாறு அன்றே அறிவுறுத்தியது. அபாயத்தை அளக்கும் அளவுகோலில் இந்த ஓட்டைக்குக் கிடைத்த மதிப்பெண் பத்துக்குப் பத்து. இன்னும் சில மாதம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், வங்கி, மருத்துவமனை, அரசாங்கம் என்று பாராமல் உலகின் சர்வர்களில் அது குடியேறியிருக்கும்.

கோயில் சாவியும் களைத்துப் போன பொறுப்பாளரும்

இந்த விவகாரத்தில் தொழில்நுட்பத்தைவிட முக்கியமான பகுதி மனிதர்களைப் பற்றியது. தோட்டத்திலும் பட்டணத்திலும் கோயில் நிர்வாகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

எக்ஸ்ஸட்டைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். அதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை. அவர் எழுதியதைப் பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் பயன்படுத்தின. பராமரிப்பது அவர் ஒருவர்தான். 2021ஆம் ஆண்டு வாக்கில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து சிறு சிறு திருத்தங்களைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். எல்லாம் உருப்படியான வேலைகள்.

2022இல் வேறு சில பெயர்களில் புகார்கள் வரத் தொடங்கின. வேலை தாமதமாகிறது, புதியவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள் என்று அவை காலினை நெருக்கின. தமக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாமல் ஆர்வத்தால் செய்யும் பணி என்பதையும் காலின் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்கடி ஓயவில்லை. கடைசியில் உதவிக்கு வந்தவர் கையில் பொறுப்பு சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் நச்சுப் பதிப்பை வெளியிட்டதும் அவரே.

‘ஜியா டான்’ யார், தனி ஆளா, கூட்டமா என்பது இதுவரை வெளிவரவில்லை. நெருக்கடி கொடுத்த பெயர்களும் இந்த விவகாரத்துக்கு வெளியே எங்கும் தென்பட்டதில்லை. எல்லாமே ஒரே இடத்திலிருந்து இயக்கப்பட்டவை என்பதே ஆராய்ந்தவர்கள் பலரின் சந்தேகம்.

பல வருடம் தனியாளாகக் கோயிலைப் பார்த்துக் கொண்ட ஒருவர் உடம்பு முடியாமல் தளரும்போது, உண்டியலும் கணக்கும் திருவிழாவும் அவர் தலையிலேயே கிடக்கும். வருடம் முழுதும் எட்டிப் பார்க்காதவர்கள், தீமிதிக்கு நாலு நாள் முன்பு வந்து “என்ன இன்னும் பந்தல் போடவில்லை?” என்பார்கள். அந்த நேரத்தில் சிரித்த முகத்தோடு உதவிக்கு வருபவரிடம் சாவி போவது இயல்பு. தவறு சாவியைக் கொடுத்தவர் மேல் மட்டும் இல்லை. அவரைத் தனியே விட்டவர்கள் மேலும் உண்டு.

இது எக்ஸ்ஸட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல், உலக இணையத்தளங்களில் பெரும்பங்கின் பூட்டாக இருந்தது. அதற்கு அப்போது ஆண்டுக்குக் கிடைத்து வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். 2021 டிசம்பரில் உலகைக் கலங்கடித்த ‘லாக்4ஷெல்’ ஓட்டையும் தன்னார்வலர்கள் பராமரித்த ஒரு லைப்ரரியில்தான் இருந்தது. வருமானம் ஈட்டுபவர்கள் ஒருபுறம். அடித்தளத்தைச் சுமப்பவர்கள் மறுபுறம்.

எல்லா மந்தமும் நஞ்சு அல்ல

அதற்காக, புதுப்பித்த பின் கணினி மந்தமானால் உடனே திருடன் வந்துவிட்டான் என்று அலற வேண்டியதில்லை. பெரும்பாலான மந்தங்களுக்குச் சாதாரணக் காரணம் இருக்கும். புதிய பதிப்பு முன்பு செய்யாத சோதனைகளைச் செய்யலாம். பழைய அமைப்புகள் அழிந்து ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கலாம். முதல் தடவை ஓடும்போது தரவுகளை மறுபடி அடுக்கிக் கொண்டிருக்கலாம். புதிய பதிப்பைத் தாங்கும் அளவுக்குக் கணினியில் நினைவகம் இல்லாமலும் இருக்கலாம்.

சில நேரங்களில் மந்தம் என்பது பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை. ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்ற ஓட்டைகள் கணினிகளின் சில்லுகளிலேயே இருப்பது 2018 ஜனவரியில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவற்றை அடைக்கும் புதுப்பிப்புகள் வந்த பின் சில வேலைகள் மந்தமாயின. வேகத்துக்காக முன்பு எடுத்த குறுக்குவழிகளை மூடியதால் வந்த மந்தம் அது.

வேறு சில நேரங்களில் மந்தம் திட்டமிட்டே வைக்கப்பட்டிருக்கும். ஐஃபோனைப் புதுப்பித்தால் மந்தமாகிறது என்று பலர் புலம்பியபோது, அது வெறும் மனப்பிரமை என்றே நெடுநாள் சொல்லப்பட்டது. 2017 டிசம்பரில், வேகத்தை அளக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கியவர், ஒரே வகைக் கைப்பேசி வெவ்வேறு பதிப்புகளில் எடுத்த மதிப்பெண்களை ஒப்பிட்டு வெளியிட்டார். சில நாட்களிலேயே ஆப்பிள் ஒப்புக்கொண்டது: பழைய பேட்டரி உள்ள கைப்பேசிகள் திடீரென அணைந்துவிடாதிருக்க வேகத்தைக் குறைத்ததாகக் கூறி, வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பும் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணமும் குறைக்கப்பட்டது.

புலம்பல் அளவாக மாறிய பிறகுதான் பதில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபிராய்ண்ட் கதையிலும் அதுவே நடந்தது. ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்பது புகார். ‘முன்பு 0.299, இப்போது 0.807’ என்பது ஆதாரம்.

நாட்டில் நிலவரம் என்ன?

மூன்றாம் தரப்பு மென்பொருளின் புதுப்பிப்பு என்ன செய்யும் என்பதை மலேசியர்கள் 2024 ஜூலை 19ஆம் தேதி நேரிலேயே பார்த்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இங்கே கேடிஎம்பியின் டிக்கெட் முறை பாதிக்கப்பட்டது. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர்ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். 5 அரசாங்க அமைப்புகளும், விமானப் போக்குவரத்து, வங்கி, சுகாதாரத் துறைகளைச் சேர்ந்த 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும் என்று இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார். இழப்பீடு குறித்துப் பரிசீலிக்கும்படி சம்பந்தப்பட்ட நிறுவனங்களை அவர் கேட்டுக்கொண்டார்.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? அதற்கும் பதில் உண்டு. 2017 மே 12ஆம் தேதி பரவிய ‘வான்னாகிரை’ தாக்குதலை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு உடனே போடுவதும் ஆபத்து. தள்ளிப் போட்டுக் கொண்டே இருப்பதும் ஆபத்து. போட்ட பின் கவனிப்பதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள வழி.

இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024, அதாவது 854ஆவது சட்டம், அந்த ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நாட்டுக்கு இன்றியமையாத 11 துறைகளை அது பட்டியலிடுகிறது. வங்கி, சுகாதாரம், போக்குவரத்து, எரிசக்தி, தண்ணீர் ஆகியவற்றோடு விவசாயமும் தோட்டத் தொழிலும் அதில் ஒரு துறை என்பது பலருக்குத் தெரியாது. செம்பனை ஆலையின் எடைமேடையும் தோட்டத்தின் சம்பளப் பட்டியலும் இன்று கணினியில்தான் ஓடுகின்றன என்பதை எண்ணினால் அது வியப்பல்ல.

முக்கியத் தகவல் கட்டமைப்பை வைத்திருப்பதாக அறிவிக்கப்படும் அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அபாய மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். ஆனால், எக்ஸ்ஸட் போன்ற விவகாரத்தில் ‘சம்பவம் நடந்தது’ என்றே யாருக்கும் தெரியாது. அரை விநாடித் தாமதத்தைச் சம்பவமாக எந்தத் தணிக்கையாளரும் குறித்துக் கொள்வதில்லை. அதைக் கவனிக்க நேரமும் உரிமையும் உள்ள ஒரு ஊழியர் வேண்டும். ‘வேலை ஓடுகிறது அல்லவா, விடு’ என்று மேலதிகாரி சொல்லும் அலுவலகத்தில் அப்படி ஒருவர் உருவாவது கடினம்.

சிறு வியாபாரி என்ன செய்யலாம்?

சட்டம் பெரிய அமைப்புகளுக்கானது. பட்டணத்துச் சிறு கடைகளும், டியூஷன் மையங்களும், கிளினிக்குகளும் பிறர் விற்ற மென்பொருளைத்தான் நம்பியிருக்கின்றன. மின் விலைப்பட்டியல் முறை கட்டங் கட்டமாக நடப்புக்கு வருவதால் இந்தச் சார்பு கூடிக்கொண்டுதான் போகும். பொறியாளர் ஆகாமலே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, அளவு. ஒரு ரசீது அடிக்க, ஒரு நோயாளியின் பதிவைத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் நேரம் பார்த்து நோட்டில் எழுதி வைக்கலாம். புதுப்பித்த மறுநாள் அதே வேலையை அதே கணினியில் மறுபடி அளக்கலாம். முதல் தடவை மட்டும் மந்தமா, எப்போதுமே மந்தமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். விண்டோஸ், ரசீது மென்பொருள், பிரிண்டர் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால், திங்கட்கிழமை எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று கணினி உள்ள கடை, ஒன்றில் மட்டும் முதலில் புதுப்பித்துச் சில நாள் பார்க்கலாம்.

மூன்றாவது, திரும்பும் வழி. புதுப்பிக்கும் முன் தரவுகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பில் வேகம் திரும்பினால், கோளாறு புதிய பதிப்பில்தான் என்பது உறுதியாகிவிடும். ஆயினும், பழைய பதிப்பிலேயே தங்கிவிடக் கூடாது. அது பதில் கிடைக்கும் வரை ஒதுங்கும் திண்ணை மட்டுமே.

நான்காவது, கேள்வி. “புதிய பதிப்பில் என்ன மாற்றினீர்கள்? வெளியார் எழுதிய எந்தப் பகுதிகளைப் பயன்படுத்துகிறீர்கள்? அவற்றின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?” என்று மாதக் கட்டணம் கட்டும் எவரும் கேட்கலாம். பட்டியல் இல்லாத நிறுவனத்துக்கு, நாளை ஒரு லைப்ரரியில் ஓட்டை என்று செய்தி வந்தால், தன்னிடம் அது இருக்கிறதா என்பதே தெரியாது.

கணினித் துறையில் படிக்கும் இளையோருக்கும் இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. திறந்தமூல மென்பொருளைப் படிக்கக் கட்டணம் இல்லை. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லப் பெரிய பட்டமோ சிபாரிசோ தேவையில்லை. சொல்வது சரியாக இருந்தால் போதும். தோட்டத்துப் பள்ளியில் படித்து வந்தவருக்கும் தலைநகரில் படித்தவருக்கும் அங்கே ஒரே வாசல்தான். தனியாளாகச் சுமப்பவர்களுக்குத் தோள் கொடுக்க நேர்மையான கைகள் அங்கே எப்போதும் தேவைப்படுகின்றன.

கள்ளக் கதவு வெளிப்பட்ட பிறகு, லாஸ்ஸே காலின் ஓடி ஒளியவில்லை. திரும்பி வந்து, நச்சுப் பகுதிகளை நீக்கி, 2024 மே மாதம் சுத்தமான 5.6.2 பதிப்பை வெளியிட்டார். அவர் பராமரிக்கும் அந்த லைப்ரரி இன்றும் உலகெங்கும் உள்ள கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை கவுண்டரில் “அப்டேட் செய்தார்கள், அதான் ஸ்லோ” என்ற பதில் வந்தால், “எவ்வளவு ஸ்லோ?” என்று ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது.